நின்றுபோகும் கணினியும் அனுமானத்தின் எல்லையும்

ரேமின் வேகத்தை வரம்புக்கு மேல் கூட்டி ஓட்டும் கணினி நாட்கணக்கில் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு நாள் காரணம் சொல்லாமல் நீலத்திரையில் வந்து நிற்கும். இன்னொரு நாள் விளையாட்டு பாதியில் மூடிக்கொள்ளும், அல்லது பெரிய ஜிப் கோப்பு விரிய மறுக்கும். கண்ணுக்குத் தெரிவது விளைவு மட்டுமே. காரணம் சில்லுக்குள் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது, அதைத் திரும்பப் பார்க்க வழியில்லை. ஆகவே இந்தப் பழுதைத் தேடுகிறவர் செய்வதெல்லாம் அனுமானம்தான். ‘காரணம் இதுதான்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு எந்தக் கட்டத்தில் வருகிறது? ‘இனிப் பழுதில்லை’ என்று சொல்லும் உரிமை எப்போதாவது வருமா? கணினி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அறிவுக்கான வழிகளைப் பேசும் அளவை நூல்கள் இந்த இரண்டு கேள்விகளையும் எடுத்து ஆராய்ந்திருக்கின்றன.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில், அளவைவாதி தன் கொள்கையைச் சொல்லும்போது அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என்று மூன்றாகப் பிரிக்கிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை இருப்பதை அறிவது பொது. ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு மேலே மழை பெய்ததை அறிவது எச்சம். கருமேகத்தைக் கண்டு மழை வரும் என்று அறிவது முதல். ரேமின் வேகத்தைக் கூட்டுகிறவரிடம் ‘இது தாங்காது’ என்று முன்கூட்டியே சொல்வது மூன்றாம் வகை. நின்றுபோன கணினியிலிருந்து பின்னோக்கி ரேமுக்குப் போவது இரண்டாம் வகை. கடினமானது இரண்டாவதுதான். மேலே மழை பெய்தாலும் வெள்ளம் வரும், அணையைத் திறந்துவிட்டாலும் வரும். கணினி நிற்பதற்கும் அதேபோல் பழுதான டிரைவர், தளர்ந்த பவர் சப்ளை, சூடேறிய பிராசசர், சிதைந்த வன்தட்டு என்று பல வழிகள் உண்டு.

முதலில் மேகத்தைப் பார்த்துவிடலாம். ரேம் சில்லில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் தங்கும் மின்னூட்டம். அதற்குக் கதவாக ஒரு டிரான்சிஸ்டர். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் இந்த அமைப்புக்கு 1968இல் காப்புரிமை பெற்றார். இன்று வரை அடிப்படை மாறவில்லை. மின்தேக்கியிலிருந்து மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். எனவே சாதாரண வெப்பநிலையில் 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். இதற்குப் பெயர் ரெஃப்ரெஷ். ஒரு வரிசையைத் திறந்ததும் வெளிவரும் மின்னழுத்த வேறுபாடு மிகச் சிறியது. சென்ஸ் ஆம்ப்ளிஃபயர் என்னும் பகுதி அதைப் பெருக்கி, இது 0, இது 1 என்று முடிவுகட்ட நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் குறைத்தால், முடிவு உறுதியாவதற்கு முன்பே தரவை எடுத்துச் சென்றுவிடுகிறோம்.

டிடிஆர்4 ரேமுக்கு ஜெடெக் தர அமைப்பு வகுத்த உச்ச வேகம் 3200, மின்னழுத்தம் 1.2 வோல்ட். அந்த வேகத்தில் சிஎல் எனப்படும் காத்திருப்பு 22 சுற்றுகள் என்று வைத்தால் 13.75 நானோநொடி கிடைக்கும். அதே 3200 வேகத்தில் சிஎல் 16 என்று விற்கப்படும் ரேம் 1.35 வோல்ட்டில் 10 நானோநொடியில் வேலையை முடிக்கிறது. மிச்சம் பிடித்த அந்த 3.75 நானோநொடி, வடிவமைப்பாளர் எல்லாச் சில்லுக்கும் எல்லாச் சூட்டுக்கும் சேர்த்து வைத்த பாதுகாப்பு இடைவெளியிலிருந்து எடுக்கப்பட்டது. சில சில்லுகளுக்கு அந்த இடைவெளி உண்மையிலேயே தேவையில்லை. எந்தச் சில்லுக்குத் தேவையில்லை என்பதுதான் கேள்வி.

இங்கே இன்னோர் அளவை குறுக்கே வருகிறது. நியாய நூலார் காட்சி, அனுமானம், உவமை ஆகியவற்றோடு ஆப்தனின் சொல்லையும் அறிவுக்கு வழியாக ஏற்கிறார்கள். தான் நேரில் அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புகிறவன் ஆப்தன். ரேம் பெட்டியின் மேல் 3600 என்றும் 6000 என்றும் அச்சிட்டிருப்பதைப் பலர் அப்படிப்பட்ட சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் இன்டெலின் எக்ஸ்எம்பி அல்லது 2022இல் ஏஎம்டி கொண்டுவந்த எக்ஸ்போ தேர்வை இயக்கி, வாங்கிய ரேமை அதன் இயல்பான வேகத்தில் ஓட்டுவதாகவே நம்புகிறார்கள். உண்மையில் இரண்டு நிறுவனங்களும் இதை ஓவர்கிளாக், அதாவது வரம்புக்கு மேல் வேகம் கூட்டுதல், என்றே வகைப்படுத்துகின்றன. ரேமை ஆளும் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருக்கிறது. அது சில்லுக்குச் சில்லு வேறுபடும். ரேம் தயாரிப்பாளர் தன் பொருளைத் தன் சோதனைக்கூடத்துப் பலகைகளில் ஓட்டிப் பார்த்திருக்கிறார், வாங்கியவர் வீட்டு பிராசசரோடு சேர்த்துப் பார்த்ததில்லை. பெட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் தான் நேரில் அறியாத ஒன்றைப் பற்றி அதன் சொல் ஆப்த வாக்கியம் ஆகாது. ‘நான் ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லை’ என்று ஒருவர் உண்மையாகவே நம்பிச் சொன்னாலும், பழுது தேடுகிறவர் பயாஸைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இனி வெள்ளத்தின் பக்கம். கணினி நிற்கும்போது விண்டோஸ் ஒரு பெயர் சொல்கிறது. மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா, ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல் என்பவை ரேம் பழுதில் அடிக்கடி வரும் பெயர்கள். சில வேளை கூடவே ஒரு டிரைவர் கோப்பின் பெயரும் வரும். தேடுகிறவர் அந்த டிரைவரை நீக்குவார், புதிதாகப் போடுவார், அடுத்த வாரம் வேறொரு டிரைவரின் பெயர் வந்து நிற்கும். பெயர் சொல்லப்பட்ட நிரல் பெரும்பாலும் சிதைந்த தரவைக் கடைசியாகத் தொட்டது மட்டுமே. பிட் புரண்டது ஓரிடம், புரண்ட பிட்டை ஒரு முகவரியாக நம்பி நடந்தது வேறோரிடம், விழுந்தது மூன்றாம் இடம். விழுந்த இடத்தைக் காரணம் என்று கொள்வதே இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வருவதுதான் ரேமைப் பற்றிய நல்ல குறிப்பு. ஒரே டிரைவர் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் சந்தேகம் அந்த டிரைவரின் பக்கம் திரும்ப வேண்டும்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவையை விளக்கும்போது ஏதுப்போலிகளை, அதாவது சான்று போலத் தோன்றும் போலிச் சான்றுகளை, எண்ணுகிறார். அவற்றில் ஒன்று அநைகாந்திகம். நிறுவ வேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருசேரக் காணப்படும் ஏது அது; அதனால் எதையும் நிறுவ முடியாது. ‘கணினி நின்றது, ஆகவே ரேம் பழுது’ என்பது அநைகாந்திகம். ரேம் நன்றாக இருந்தாலும் கணினி நிற்கும். ரேம் பழுதான இடத்தில் மட்டும் வந்து, மற்ற இடத்தில் வராத அடையாளம் ஏதாவது உண்டா என்று தேடினால்தான் அனுமானம் காலூன்றும்.

அப்படியொன்றை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்தினார்கள். ஏறத்தாழ 10 லட்சம் சாதாரணக் கணினிகளின் பழுதுப் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நின்றுபோன கணினி தன் நினைவகத்தின் ஒரு படியை விட்டுச்செல்லும். அதில் விண்டோஸ் கெர்னலின் நிரல் வரிகளும் இருக்கும். அந்த வரிகள் எல்லாக் கணினியிலும் ஒன்றே; எந்த நிரலும் அவற்றின் மேல் எழுத முடியாதபடி பூட்டப்பட்டவை. நின்ற கணினியின் படியை மூலத்தோடு பிட் பிட்டாக ஒப்பிட்டபோது, சிலவற்றில் சரியாக ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தது. தவறான டிரைவர் எழுதியிருந்தால் பைட் கணக்கில் குப்பை விழுந்திருக்கும். பூட்டிய பக்கத்தில் தனியாக ஒரு பிட் மட்டும் புரள்வதற்கு வன்பொருளைத் தவிர வேறு விளக்கம் சொல்வது கடினம். இந்த ஏது அநைகாந்திகம் அல்ல. அதே ஆய்வில் ஓவர்கிளாக் செய்த கணினிகள் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக நின்றன என்பதும், ஒருமுறை வன்பொருள் பழுதால் நின்ற கணினி மறுபடி நிற்கும் வாய்ப்பு மிகப் பெரிதாக உயர்கிறது என்பதும் தெரியவந்தன.

அதே நிறுவனத்தின் ரேமண்ட் சென் 2005இல் எழுதிய ஒரு குறிப்பு இதைவிட நெருக்கமானது. அனுப்பப்பட்ட பழுதறிக்கைகளில் ஒன்று, பதிவகம் ஒன்றைச் சுழியமாக்கும் கட்டளையில் நிரல் விழுந்ததாகக் காட்டியது. அந்தக் கட்டளை நினைவகத்தைத் தொடுவதில்லை, எந்த முகவரியையும் நம்புவதில்லை. அது விழவே வழியில்லை. அனுப்பியவர்களைக் கேட்டபோது பலர் ஓவர்கிளாக் செய்திருந்தது தெரிந்தது. சிலருக்கு அந்தச் சொல்லே புதிது. கடைக்காரர் சொல்லாமல் வேகத்தைக் கூட்டி விற்றிருந்தார். அங்கே கூட்டப்பட்டது பிராசசரின் வேகம். ஆனால் நடக்கவே முடியாதது நடந்ததாக ஒரு பதிவு சொன்னால், நிரலை விட்டுவிட்டு அதை ஓட்டும் இயந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்ற நியாயம் ரேமுக்கும் அப்படியே பொருந்தும்.

பெரும்பாலானவர்களுக்கு நினைவகப் படியை ஒப்பிடும் வசதி கிடையாது. அவர்களுக்கு இருக்கும் வழி, அன்வயமும் வெதிரேகமும். காரணம் இருக்கும்போது விளைவு இருக்கிறதா, காரணத்தை எடுத்தால் விளைவும் போகிறதா என்று பார்ப்பது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் இதை ஒரு முறையாக்கி, மற்றவை எல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். நடைமுறையில் முதல் படி, பயாஸ் செட்டிங்கை இயல்புநிலைக்குக் கொண்டுவருவது. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, கையால் மாற்றிய டைமிங், மின்னழுத்தம் எல்லாம் போய்விட வேண்டும். பலர் இதே வேளையில் டிரைவரையும் புதுப்பித்து, விண்டோஸையும் திரும்பப் போட்டு, ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியும் விடுகிறார்கள். கணினி சரியாகிவிடும். எது சரியாக்கியது என்று மட்டும் ஒருபோதும் தெரியாது.

ஒன்றை மட்டும் மாற்றினாலும் காலம் ஏமாற்றும். ஐந்து நாளுக்கு ஒருமுறை என்ற சராசரியில் எந்த ஒழுங்குமின்றி நிற்கும் கணினியை எடுத்துக்கொள்ளலாம். அதில் எதையும் சரிசெய்யாமலே விட்டாலும் தொடர்ந்து ஐந்து நாள் நிற்காமல் ஓடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. பத்து நாளுக்கு அது 14 ஆகவும், பதினைந்து நாளுக்கு 5 ஆகவும் குறையும். மூன்று நாள் அமைதியைக் கண்டு ‘சரியாகிவிட்டது’ என்று எழுதுகிறவர் உண்மையில் எதையும் அறியவில்லை. சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்காவது பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகு பழைய வேகத்தைத் திரும்ப வைத்து, பழுது திரும்பி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை யாரும் விரும்புவதில்லை. ஓடுகிற கணினியை வேண்டுமென்றே கெடுப்பதா என்று தோன்றும். ஆனால் வெதிரேகம் மட்டும் கிடைத்து அன்வயம் கிடைக்காத அறிவு பாதி அறிவுதான். தற்செயலுக்கு அதில் இடம் மிஞ்சியிருக்கிறது.

இவ்வளவும் செய்தாலும் நியாய நூலார் இன்னொரு தடையைச் சொல்வார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கும், புகை இராது. புகைக்கு ஈர விறகு என்ற நிபந்தனை வேண்டும். சொல்லப்படாமல் உள்ளே ஒளிந்திருக்கும் இத்தகைய நிபந்தனையை உபாதி என்பார்கள். ரேம் ஓவர்கிளாக்கில் ஈர விறகு பெரும்பாலும் சூடுதான். இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடிப் பிழையில்லை என்று முடிகிறது. அது விண்டோஸுக்கு வெளியே ஓடும் சோதனை. கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், பெட்டிக்குள் குளிர்ச்சி. மறுநாள் மாலை கனமான விளையாட்டைத் திறந்ததும் கிராஃபிக்ஸ் கார்டின் சூடான காற்று ரேம் மீது அடிக்கிறது. சூடேறினால் மின்தேக்கியின் கசிவு கூடும். ரெஃப்ரெஷ் இடைவெளியான டிரெஃபை மதிப்பை வேகத்துக்காக நீட்டி வைத்திருந்தால், அடுத்த ரெஃப்ரெஷ் வருவதற்குள் சில பிட்டுகள் தங்கள் நினைவை இழந்துவிடும். இரவுச் சோதனை பொய்யில்லை. அது குளிர்ந்த ரேமைப் பற்றிய உண்மை.

சூட்டைத் தவிர வேறு உபாதிகளும் உண்டு. இரண்டு ரேம் துண்டுகளோடு ஓடிய வேகம் நான்கு துண்டுகளோடு ஓடாமல் போகலாம். பல மதர்போர்டுகள் தொடக்கத்தின்போது ரேமுக்குப் போகும் சமிக்ஞைகளின் நேரத்தைப் புதிதாக அளந்து அமைத்துக்கொள்ளும். அந்த அளவீடு ஒரு நாள் போல இன்னொரு நாள் அமைவதில்லை. வேகத்தைக் குறைத்தபோது பழுது போனது என்றால் வேகம்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கன்ட்ரோலருக்குப் போதிய மின்னழுத்தம் இல்லாமலும் இருந்திருக்கலாம். துண்டுகளை ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி, சூடான நிலையிலும் குளிர்ந்த நிலையிலும், மின்னழுத்தத்தை வைத்து வேகத்தையும் வேகத்தை வைத்து மின்னழுத்தத்தையும் மாற்றிப் பார்ப்பது, உபாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் வேலை.

இரண்டாவது கேள்விக்கு வரலாம். ‘இந்த வேகத்தில் ரேம் நிலையாக ஓடுகிறது’ என்று எப்போது சொல்வது? டெஸ்ட்மெம்5, கார்ஹு, பிரைம்95, ஒய்-கிரஞ்சர் என்று சோதனை நிரல்கள் பல. ஒவ்வொன்றும் ரேமில் ஓர் ஒழுங்கை எழுதியோ விடை தெரிந்த கணக்கைப் போட்டோ பார்த்து, வந்தது சரியா என்று ஒப்பிடுகிறது. ஆறாவது மணி நேரத்தில் ஒரே ஒரு பிழை வந்தால் போதும், தீர்ப்பு முடிந்தது: இந்த அமைப்பு நிலையற்றது. அதை எந்த வாதமும் மாற்றாது. நூறு மணி நேரம் பிழையின்றி ஓடினால் என்ன தீர்ப்பு? அந்த நூறு மணி நேரத்தில், அந்தச் சூட்டில், அந்த ஒழுங்குகளுக்குப் பிழை வரவில்லை என்பதுதான். 32 ஜிபி ரேமில் ஏறத்தாழ 27,500 கோடி பிட்டுகள் இருக்கின்றன. அண்டை வரிசைகளில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தும் ஒரு பிட் தடுமாறலாம். எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க உலகின் ஆயுள் போதாது.

கார்ல் பாப்பர் 1934இல் அறிவியல் முழுவதையும் இந்தச் சமனின்மையின் மேல்தான் நிறுத்தினார். பொதுக்கூற்றை எத்தனை சான்றாலும் மெய்ப்பிக்க முடியாது, ஒரே எதிர்ச்சான்றால் பொய்ப்பிக்க முடியும் என்றார். நாளை சூரியன் எழும் என்பதற்குத் தருக்க உறுதி ஏதும் இல்லை என்று டேவிட் ஹியூம் 1748இல் எழுதினார். இவர்களுக்கெல்லாம் முன்பே உலகாயதர்கள் அனுமானத்தின் வேரிலேயே கை வைத்தார்கள். புகையும் நெருப்பும் எங்கும் எப்போதும் சேர்ந்தே இருக்கும் என்பதை யார் பார்த்தது? கண்டது சில அடுக்களைகளை மட்டும். சொல்வதோ எல்லாக் காலத்துக்கும். கண்ட இடத்தைத் தாண்டிச் சொல்ல உனக்கு என்ன உரிமை? ரேம் சோதனையின் பச்சை எழுத்துகளைப் பார்த்து மனம் நிறைகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே.

உலகாயதர் சொல்வதை முழுமையாக ஏற்றால் எந்தக் கணினியையும் நம்ப முடியாது. இயல்பு வேகத்தில் ஓடும் ரேமையும் யாரும் எல்லாச் சேர்க்கைகளிலும் சோதித்ததில்லை. இதற்கு நியாய மரபில் உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் தந்த விடை, இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைகளிலேயே நேர்மையானது. சந்தேகத்துக்கு எல்லை உண்டு. சந்தேகிக்கிறவனின் சொந்தச் செயலோடு அது முரண்படும் இடமே அந்த எல்லை. பிற்காலத்தில் கங்கேசர் இதை விரித்தார். புகை வேண்டும்போது நெருப்பைத் தேடுகிறவன், பசிக்குச் சோற்றைத் தேடுகிறவன், நெருப்புக்கும் புகைக்கும் தொடர்பில்லையோ, சோற்றுக்கும் பசியாறலுக்கும் தொடர்பில்லையோ என்று உண்மையில் சந்தேகிக்கவில்லை. வாயால் மட்டும் சொல்கிறான். இருவருக்கும் இடையில் வந்த ஸ்ரீஹர்ஷர், முரண்பாடு இருக்கிறது என்றாலே சந்தேகமும் இருக்கிறது என்றுதானே பொருள், பிறகு எல்லை எங்கே என்று திருப்பிக் கேட்டார். தருக்கத்தில் அவருடைய அடி வலுவானது. ஆனால் நடைமுறையில் உதயணர் காட்டிய இடமே நிற்கத்தக்கது.

ஏனென்றால் அது சந்தேகத்தை எப்படி அளப்பது என்று சொல்லித்தருகிறது. ஒருவர் எதை நம்பிக் கொடுக்கிறார் என்பதே அவர் எவ்வளவு நம்புகிறார் என்பதன் அளவு. விளையாட்டுக்கு மட்டும் பயன்படும் கணினி, சேமிப்பெல்லாம் வேறெங்கோ இருக்கிறது என்றால், சில மணி நேரச் சோதனையில் தேறிய வேகத்தை வைத்துக்கொள்வதில் முரண் இல்லை. விழுந்தால் திரும்ப எழுப்பிக்கொள்ளலாம். அதே வேகத்தில் ஓடும் கணினியில் அலுவலகக் கணக்கும், ஆய்வேட்டின் தரவும், இருபது ஆண்டுக் குடும்பப் படங்களும் இருந்தால் கேள்வி மாறுகிறது. ‘சோதனையில் தேறியது, ஆனாலும் எப்போதாவது நிற்கிறது, பரவாயில்லை’ என்று சொல்லிக்கொண்டு அதே கணினியில் அந்தப் படங்களை ஒழுங்குபடுத்துகிறவரின் சொல்லும் செயலும் ஒன்றையொன்று மறுக்கின்றன. பிரைம்95 நிரலை உருவாக்கிய கிம்ப்ஸ் திட்டம் 1996 முதல் பெரிய பகா எண்களைத் தேடி வருகிறது. பல ஆண்டுகள் அவர்கள் ஒவ்வொரு எண்ணையும் இரு வேறு கணினிகளில் தனித்தனியே கணக்கிட்டு, இரண்டு விடைகளும் ஒத்தால்தான் ஏற்றார்கள். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கணினிகளை முழுதாக நம்பவில்லை, முழுதாகச் சந்தேகிக்கவும் இல்லை. சந்தேகத்தைத் தங்கள் செயல்முறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நின்றுபோகும் கணினியைப் பற்றி. நிற்காத கணினிதான் கவலைக்குரியது. சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளைச் சொல்லும் அருணந்தி சிவாச்சாரியார் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் மற்றவற்றை அடக்குகிறார். சைவ சித்தாந்த மரபு குற்றமற்ற காட்சியிலிருந்து ஐயத்தையும் திரிபையும் விலக்குகிறது. ஐயம், இதுவோ அதுவோ என்று தடுமாறுவது. திரிபு, ஒன்றை வேறொன்றாக உறுதியாகக் கொள்வது. ஐயத்தில் இருக்கிறவனுக்குத் தன் நிலை தெரியும், அவன் விசாரிப்பான். திரிபில் இருக்கிறவன் விசாரிக்க மாட்டான், அவனுக்கு எல்லாம் தெளிவாகவே தெரிகிறது. நீலத்திரை ஐயத்தை எழுப்புகிறது. நிரல் வரியில் புரண்ட பிட் கணினியை நிறுத்திவிடும். கணக்குத்தாளின் ஓர் எண்ணிலோ படத்தின் நடுவிலோ புரண்ட பிட் எதையும் நிறுத்தாது; அப்படியே வன்தட்டில் எழுதப்படும், மறுநாள் காப்புநகலிலும் போய்ச் சேரும். நிலையற்ற ரேமின் பெரிய தீங்கு இதுவே.

பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் 2003 மே மாதத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக எண்ணப்பட்டன. 4096 என்பது இரண்டின் 12ஆம் அடுக்கு. ஒரே ஒரு பிட் 0இலிருந்து 1 ஆனால் கூடும் தொகை. மறுமுறை எண்ணியபோது மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. நிரலில் பிழை எதுவும் கிடைக்காததால், தானே புரண்ட பிட்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அங்கே ஓவர்கிளாக் ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பிழை எப்படிப் பிடிபட்டது என்பது கவனிக்கத்தக்கது: அந்த வேட்பாளர் பெறக்கூடிய வாக்குகளையே அந்த எண் தாண்டிவிட்டது. புரண்டது 12ஆம் அடுக்கின் பிட்டாக இல்லாமல் மூன்றாம் அடுக்கின் பிட்டாக இருந்திருந்தால் எட்டு வாக்குகள் கூடியிருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

திரிபை ஐயமாக மாற்றித்தருவதுதான் பிழை கண்டறியும் குறியீடுகளின் வேலை. பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதிகளில் தன் கணக்குகள் பிழையால் பாதியில் கைவிடப்படுவதைக் கண்டு சலித்து, பிழை இருக்கும் இடத்தையும் இயந்திரமே கண்டு திருத்தும் குறியீட்டை 1950இல் வெளியிட்டார். சர்வர்களில் உள்ள இசிசி ரேம் அந்த வழியில் வந்தது. கூகுள் தன் கணினிக் கூடங்களில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிகளில் திருத்தத்தக்க ரேம் பிழை ஒன்றாவது பதிவானது. வேகம் கூட்டாத, பராமரிக்கப்படும் கணினிகளிலேயே இந்த நிலை. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இந்தக் காவல் இல்லை. அடுத்த தலைமுறையான டிடிஆர்5 சில்லுகளுக்குள் ஒரு திருத்தும் ஏற்பாடு இருப்பது உண்மை. ஆனால் அது சில்லுக்குள் தங்கியிருக்கும் தரவை மட்டுமே காக்கும், சில்லுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதையில் நேரும் பிழையைக் காணாது. ஓவர்கிளாக்கில் அதிகம் திணறுவது அந்தப் பாதைதான். டிடிஆர்5 என்பதால் கவலையில்லை என்று விற்பவர் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை.

நிற்கும் கணினியை வைத்திருப்பவர் டிரைவரையும் விண்டோஸையும் குற்றம்சாட்டுவதற்கு முன் பயாஸை இயல்புநிலைக்குக் கொண்டுவந்து, பழுதின் சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை பிழை காட்டிய வேகத்தை, அதன் பின் எத்தனை சோதனைகளில் தேறினாலும், முக்கியமான வேலைக்குத் திரும்ப வைக்கக் கூடாது. அந்த வேகத்தில் ஓடிய நாட்களில் எழுதிய கோப்புகளையும் எடுத்த காப்புநகல்களையும் இயல்பு வேகத்தில் ஓடும் கணினியில் திறந்து சரிபார்க்க வேண்டும். அதுவரை பழைய காப்புநகல் எதையும் அழிக்காதீர்கள்.